விடுமுறையில் ஒன்பது பிள்ளைகள்: காகிதத்தில் எதைச் செய்ய வைப்பது?

காட்பாடி மாடிவீடு

அனைவருக்கும் வணக்கம். கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர் காலையில் இரண்டு மணி நேரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடுகிறார்கள். மிகச் சிறியவனுக்கு ஐந்து வயது, மூத்தவளுக்குப் பதினொன்று. கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் போதும் என்றுதான் தொடங்கினேன். மூன்றாம் நாளே கத்திக்கப்பலும் ராக்கெட்டும் அலுத்துப் போய்விட்டன. செய்யும்போதே ஏதேனும் ஒன்றைக் கற்றுக்கொள்ளும்படியான எளிய காகித வேலைகள் எவை என்று அறிய விரும்புகிறேன். மினுமினுக்கும் தூள் தூவிச் சுவரில் மாட்டும் அலங்காரங்கள் வேண்டாம். வீட்டில் ஒரு கட்டு ஏ4 தாள், பழைய மாதக் காலண்டர்கள், ஒரு பை நிறையக் கல்யாணப் பத்திரிகைகள், மழுங்கிய கத்தரிக்கோல் மூன்று ஆகியவை இருக்கின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு: நம்மூர் மே மாதத்தில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது; போட்டாலோ தாள் பறக்கிறது.

சத்துவாச்சாரி அப்பா

அம்மா, எச்சரிக்கையாக இருங்கள். சென்ற ஆண்டு இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் வேலூர்க் கோட்டையை மாதிரியாகச் செய்து வரச் சொன்னார்கள். மதில் கொத்தளங்களைச் சார்ட் அட்டையில் வெட்டி, அகழிக்கு நீலக் கண்ணாடித்தாள் ஒட்டி முடித்தபோது இரவு மணி ஒன்று. அவள் ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டாள். முதல் பரிசு வந்தது. கோட்டையைச் சுற்றி ஏன் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று கேட்டால், அழகுக்காக என்கிறாள். இதனால்தான், எல்லாத் துண்டுகளும் முன்கூட்டியே வெட்டப்பட்டு வரும் பெட்டிகளை வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் பொருத்தவாவது செய்வார்கள், நமக்கும் தூக்கம் மிஞ்சும்.

ஆற்காட்டுக் கணக்கு (ஓய்வு)

சத்துவாச்சாரி அன்பருக்கு: அந்தப் பரிசு உங்களுக்குக் கிடைத்தது, வாழ்த்துகள். பெட்டி வாங்கினாலும் அதே கதைதான் நடக்கும். எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது என்ற முடிவுகள் எல்லாவற்றையும் வேறொருவர் எடுத்துவிட்ட பிறகு, எண்ணைப் பார்த்துச் செருகுவது மட்டுமே பிள்ளைக்கு மிச்சம்.

காட்பாடி அம்மா கேட்டதற்கு வருகிறேன். முதல் வாரம் கத்தரிக்கோலையும் பசையையும் எடுக்கவே வேண்டாம். மடிப்பு மட்டும் போதும். காலண்டர் தாளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் விருப்பப்படி ஒரு முக்கோணத்தை வரைந்து கிழித்துக்கொள்ளட்டும். அதன் மிக நீளமான பக்கத்தைக் கீழே வைத்து, உச்சி முனையைச் செங்குத்தாக இறக்கி அந்தப் பக்கத்தைத் தொடும்படி மடிக்க வேண்டும். அப்போது மடிப்புக்கோடு அடிப்பக்கத்துக்கு இணையாக இருக்கும். பிறகு இடமுனையையும் வலமுனையையும் உச்சி வந்து தொட்ட அதே புள்ளிக்குக் கொண்டுவந்தால், மூன்று கோணங்களும் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்து ஒரே நேர்கோடாகிவிடும். முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை என்பதை நான் முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டேன், பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். மடித்துப் பார்த்த பிள்ளைகள்தாம், எல்லா முக்கோணத்துக்கும் இப்படியா வரும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகவே ஒவ்வொருவருடைய முக்கோணமும் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்கிறேன். நீங்கள் ஒன்பதையும் ஒரே அச்சில் வெட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் ஒளிந்திருக்கிறது. மடித்து முடித்ததும் கையில் இருப்பது இரண்டு அடுக்குள்ள ஒரு செவ்வகம். அதன் நீளம் அடிப்பக்கத்தில் பாதி, அகலம் உயரத்தில் பாதி, அடுக்கு இரண்டு. பரப்பளவு ஏன் அடிப்பக்கம் பெருக்கல் உயரத்தில் பாதியாகிறது என்பதை மூத்த பெண் தானாகவே கண்டுபிடிக்கக்கூடும். கண்டுபிடிக்காவிட்டாலும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

காகித மடிப்பெல்லாம் இணையம் கொண்டுவந்த புதுமோகம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். 1893-இலேயே டி. சுந்தர ராவ் என்பவர், வடிவியலைத் தாள் மடித்துக் கற்பிக்கும் நூலைச் சென்னையில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கும் மடிப்புத்தாள்களைக் கண்டே அந்த எண்ணம் தமக்கு எழுந்ததாக அவரே முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

குடியாத்தம் அச்சகம்

கணக்கு ஐயா சொன்னதற்கு முன்பாகவே ஒன்று இருக்கிறது என்பது என் எண்ணம்: தாளுக்கு ஓட்டம் உண்டு என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும். ஆலையில் தாள் தயாராகும்போது கூழின் நார்கள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையிலேயே படிகின்றன. அந்தத் திசையில் மடித்தால் தாள் பணிந்து மடியும். குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். தடித்த அட்டையாக இருந்தால் மடிப்பில் மேற்பூச்சு வெடித்து வெள்ளை தெரியும். கல்யாணப் பத்திரிகையின் மடிப்பு சில வீடுகளில் அழகாகவும் சில வீடுகளில் பல்லிளித்துக்கொண்டும் இருப்பதற்கு இதுதான் காரணம். பத்திரிகை வாங்க வருபவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குப் பாதித் தொண்டை போயிற்று.

ஐந்து வயதுச் சிறுவனிடம் ஒரு செய்தித்தாளைக் கொடுத்து மேலிருந்து கீழாகவும் பிறகு பக்கவாட்டிலும் கிழிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் நூல் பிடித்தாற்போல் நேராகக் கிழியும், மறுபக்கம் கோணல்மாணலாக ஓடும். அதைச் செய்யக் கத்தரிக்கோல் தேவையில்லை, எழுத்தும் தெரிய வேண்டியதில்லை. மூத்தவர்கள், ஒரே நீள அகலத்தில் ஒரு பட்டையைத் தாளின் நீளவாக்கிலும் இன்னொன்றைக் குறுக்குவாக்கிலும் வெட்டி, இரண்டையும் ஒரு முனையில் சேர்த்துப் பிடித்து, எது அதிகமாகத் தொங்குகிறது என்று பார்க்கலாம். விறைத்து நிற்பது ஓட்டத்தின் வழி வெட்டியது.

அட்டையை மடிப்பதற்கு முன் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டால் போதும். நாங்கள் இயந்திரத்தில் போடும் கிரீசிங் அதுதான். பசைக்கு ஒரு கரண்டி மைதாவை ஐந்து கரண்டித் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறி இறக்குங்கள். பைண்டிங் செய்பவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கூடவே கூடாது. நம்மூர் வெயிலில் அந்தப் பசை மறுநாளே புளித்துவிடும் என்பதால் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே காய்ச்சிக்கொள்ளுங்கள். தாள் பறக்காமலிருக்க அச்சகத்தில் பழைய ஈய எழுத்துகளை மேலே வைப்போம், ஆனால் ஈயத்தைப் பிள்ளைகள் தொடக்கூடாது. ஆற்றுக் கூழாங்கல் போதும்.

சத்துவாச்சாரி அப்பா

எல்லாம் சரி, ஆனால் கிழித்த செய்தித்தாளையும் மடித்த முக்கோணத்தையும் பிள்ளை வீட்டுக்கு எடுத்துச் சென்றால், இரண்டு மணி நேரமாக இதைத்தான் செய்தாயா என்று வீட்டார் கேட்பார்களே. பிள்ளைக்கும் கையில் காட்ட ஒரு பொருள் வேண்டும். அந்த ஆசையை நாம் மதிக்க வேண்டாமா?

இராணிப்பேட்டை ஆசிரியை

சத்துவாச்சாரி அன்பரின் கேள்வி நியாயமானது. நான் ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளைக் கையாள்கிறேன். 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு அட்டை, படம், செயல்பாடு எல்லாம் வகுப்பறைக்கு நிறையவே வந்துவிட்டன. ஆனால் ஆசிரியர் செய்த அட்டைக்கும் பிள்ளை செய்த அட்டைக்கும் உள்ள வேறுபாட்டை நான் ஒரு தோல்வியின் வழியாகத்தான் கற்றேன்.

உயிர்மெய்ச் சக்கரம் ஒன்று செய்தேன். வெளிவட்டத்தில் மெய் பதினெட்டு, உள்வட்டத்தில் உயிர் பன்னிரண்டு, நடுவில் ஓர் ஆணி. சுற்றினால் எழுத்துகள் தலைகீழாகிவிட்டன என்பது ஒருபுறம் இருக்க, பிள்ளைகள் அதைக் காத்தாடிபோல் சுழற்றி மகிழ்ந்தார்களே தவிர, இரண்டும் சேர்ந்தால் என்ன எழுத்து பிறக்கும் என்பது சக்கரத்தில் எங்குமே இல்லை. அதன் பிறகு சக்கரத்தை விட்டுவிட்டுச் சன்னல் அட்டைக்கு மாறினேன். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஒரு சிறு சதுரச் சன்னலை வெட்டி, அதன் மேலும் கீழும் ஒவ்வொரு கீறல் போட்டு, பதினெட்டு அகரமேறிய எழுத்துகளை வரிசையாக எழுதிய பட்டையை உள்ளே செருக வேண்டும். சன்னலின் வலப்புறம் துணைக்கால் எழுதியிருந்தால், பட்டையை இழுக்க இழுக்கக் கா, ஙா, சா என்று வந்துகொண்டே இருக்கும். இடப்புறம் ஒற்றைக்கொம்பு எழுதினால் கெ வரிசை. இரட்டைக்கொம்பு எழுதினால் கே வரிசை. இணைக்கொம்புக்குக் கை வரிசை. இருபுறமும் எழுதினால் கொ, கோ, கௌ.

சுவையான இடம் இனிமேல்தான். இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஆகிய நான்கும் இந்த அட்டைக்கு அடங்குவதில்லை, ஏனெனில் அவற்றின் குறி எழுத்தோடு ஒட்டிப் பிறக்கிறது. அதிலும் உகர ஊகாரங்கள் எழுத்துக்கு எழுத்து வேறு கோலம் பூணுகின்றன: கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி. என் வகுப்பில் ஒரு சிறுமி கு வரிசைக்கும் அட்டை செய்ய முயன்றாள். இரண்டு நாள் மல்லாடிவிட்டு, டீச்சர், இது சன்னலுக்குள் வராது, கையால்தான் எழுத வேண்டும் என்று வந்து நின்றாள். ஏழு அட்டைகளில் 126 எழுத்துகள் கிடைக்கின்றன, பட்டையில் உள்ள அகர வரிசை 18, கையால் எழுதிப் பழக வேண்டியவை 72, கூட்டினால் 216. எதை மனப்பாடம் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டியதில்லை என்பதை அவள் தானே பிரித்துக்கொண்டாள்.

ஆகவே வீட்டுக்கு எடுத்துச் செல்லப் பொருள் வேண்டும், ஆனால் அது வேலை செய்யும் பொருளாக இருக்கட்டும். சன்னலை வெட்டுவதை எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் விடுங்கள். சிறியவர்கள் பட்டையில் எழுதலாம்.

வாணியம்பாடி நிழல்

பத்திரிகை அட்டையைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். கோடையில் செய்ய ஏற்ற பொருள் சூரியக் கடிகாரம். வெயிலுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை.

முதலில் நான் பட்ட பாடு. இணையத்தில் கிடைத்த ஒரு வரைபடத்தை அச்செடுத்து, அழகாக வெட்டி ஒட்டி மாடியில் வைத்தேன். நண்பகலில் மட்டும் ஏறக்குறைய ஒத்துப்போயிற்று, காலையிலும் மாலையிலும் வாய்க்கு வந்ததைச் சொல்லியது. பிள்ளைகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பிறகுதான் கவனித்தேன், அது இலண்டனுக்கு, அதாவது 51 பாகை அட்சரேகைக்கு வரையப்பட்டது. வேலூர் ஏறத்தாழ 13 பாகையில் இருக்கிறது. கடிகாரத்தின் குச்சி தரையோடு எந்தக் கோணத்தில் சாய வேண்டும் என்பதை அந்த எண்தான் முடிவு செய்கிறது.

6 செ.மீ. ஆரமுள்ள ஒரு வட்டத்தைத் தடித்த அட்டையில் வெட்டி, நடுவிலிருந்து 15 பாகைக்கு ஒரு கோடாக 24 கோடுகளை இருபுறமும் வரைந்துகொள்ளுங்கள். பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்வதால் இந்தக் கணக்கு. விளக்குமாற்றிலிருந்து நேரான, தடித்த ஈர்க்குச்சி ஒன்றை உருவி மையத்தில் செங்குத்தாகக் குத்தி, வட்டத்துக்குத் தெற்கே 26 செ.மீ. நீட்டிவிடுங்கள். குச்சியின் தெற்கு முனையும் வட்டத்தின் கீழ் விளிம்பும் தரையைத் தொடும்படி வைத்தால், குச்சி தானாகவே 13 பாகையில் வடக்கு நோக்கி நிமிர்ந்து நிற்கும், பாகைமானிகூடத் தேவையில்லை. அதே வட்டத்துக்கு இலண்டனில் 5 செ.மீ. குச்சியே போதும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், பூமி உருண்டை என்பதை ஈர்க்குச்சியே சொல்லிவிடும்.

மார்ச் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் பிற்பகுதிவரை வட்டத்தின் வடக்கு முகத்தில் வெயில் படும். அந்த முகத்தைப் பார்த்து நிற்கும்போது காலை 6 வலப்புறம், 12 நேர்கீழே, மாலை 6 இடப்புறம் வர வேண்டும். தெற்கு முகத்தில் இடவலம் மாறும். ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேல் வந்துவிட்டு, ஆகஸ்ட் 18 வாக்கில் திரும்பும்வரை வடக்கே இருப்பதால், இப்போது நண்பகல் நிழல் தெற்கே விழும். நண்பகலில் நிழல் வடக்கே விழும் என்று படித்த பிள்ளைகள் இதைப் பார்த்துச் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

கடிகாரத்தோடு ஒப்பிட்டால் இப்போது பத்து நிமிடம் பின்தங்கும். அது உங்கள் பிழையன்று. இந்திய நேரம் 82½ பாகை தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. நாம் அதற்கு மேற்கே மூன்று பாகைக்கும் சற்று அதிகமாகத் தள்ளி இருப்பதால் நமக்கு நண்பகல் பதின்மூன்று நிமிடம் தாமதம். மே மாதத்தில் சூரியன் அதில் மூன்று நான்கு நிமிடத்தை ஈடுகட்டிவிடுகிறது. பிப்ரவரியில் பார்த்தால் அரை மணிக்குச் சற்றே குறைவாகப் பின்தங்கும், நவம்பர் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒத்துப்போகும்.

ஆற்காட்டுக் கணக்கு (ஓய்வு)

வாணியம்பாடி அன்பரின் 24 கோடுகளையும் பாகைமானி இல்லாமல், வட்டத்தாளை மடித்தே போட்டுவிடலாம். விளிம்பை மையத்துக்கு மடித்தால் அந்த மடிப்பு விளிம்பை வெட்டும் இரு புள்ளிகளும் மையத்தில் 120 பாகை கொடுக்கும். அதைப் பாதியாக்கினால் 60, பிறகு 30, பிறகு 15. மடிக்கும் தாளை ஏ4-இல் வெட்டி, முடித்தபின் அட்டையில் ஒட்டுங்கள்.

ஏ4 என்றதும் நினைவுக்கு வருகிறது, அந்தக் கட்டின் மேல் 70, 75, 80 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். அது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். பதினாறு ஏ4 தாள்கள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 80 என்று போட்டிருந்தால் ஒரு தாள் 5 கிராம். இருபது தாளை எடுத்துக்கொண்டு போய் மளிகைக் கடைத் தராசில் வைத்து 100 கிராம் வருகிறதா என்று பிள்ளைகள் பார்க்கட்டும். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல.

காட்பாடி மாடிவீடு

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க. எல்லாவற்றையும் செய்யவில்லை. நான்கு மட்டும் செய்தோம்.

முக்கோணம் மடிக்கும்போது ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, ஒரு கோணம் மிக விரிந்த முக்கோணத்தை எடுத்துக்கொண்டு, அதன் குட்டைப் பக்கத்தைக் கீழே வைத்தாள். உச்சியை இறக்கினால் அது அடிப்பக்கத்துக்கு வெளியே போய் விழுந்தது. என் கை தானாக நீண்டுவிட்டது. தாளைத் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று விரல்கள் துடித்தன. கணக்கு ஐயாவை நினைத்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் நான்கு முறை மடித்து, தாள் துவண்டு போனபின், புதிதாக ஒன்று கிழித்து, இந்த முறை மூன்று பக்கங்களையும் ஒவ்வொன்றாகக் கீழே வைத்துப் பார்த்தாள். நீளமான பக்கம்தான் தரை என்று தம்பிக்கு அவளே சொல்லிக் கொடுத்தாள். இதற்குப் பிடித்த நேரம் நாற்பது நிமிடம். நான் சொல்லியிருந்தால் அரை நிமிடம்.

ஐந்து வயதுக்காரன் ஒரு வாரத்துச் செய்தித்தாள் முழுவதையும் கிழித்துத் தீர்த்துவிட்டு, இப்போது கையில் எது கிடைத்தாலும் ஓட்டம் பார்க்கிறான். நேற்று மின்கட்டண அட்டையில் பார்த்துவிட்டான்.

சூரியக் கடிகாரம் பத்து மணிக்குப் பத்துக் கோட்டைத் தொடாமல் சற்று முன்னதாகவே நின்றது. நாங்கள் வைத்ததுதான் கோணல் என்று பிள்ளைகள் ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பி வைத்தார்கள், கூடவே நானும். வாணியம்பாடி அன்பரின் பதிவின் கடைசிப் பத்தியை நான் படிக்காமல் போனதால் வந்த வினை.

சத்துவாச்சாரி அப்பா

பெட்டி வாங்கவில்லை. ஒரே ஏ4 தாளை மூன்று முறை பாதியாக மடித்து எட்டுப் பங்காக்கி, நடுவில் மட்டும் ஒரு கீறல் போட்டுக் குறுக்கினால், பசையில்லாமல் எட்டுப் பக்கப் புத்தகம் ஆகும். அதைத்தான் மகளோடு செய்தேன். கோட்டைக்கு ஒரு மாலை போய்வந்து, பார்த்ததை வரையச் சொன்னேன். மடித்துப் பக்க எண் போட்டபின் வரைய வேண்டும் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். விரித்த தாளில் எல்லாவற்றையும் நேராக வரைந்துவிட்டு மடித்தாள். நான்கு பக்கங்கள் தலைகீழாக வந்தன. அகழிப் பக்கமும் அதில் ஒன்று.

தண்ணீர் எல்லாம் கொட்டிப் போச்சே, இப்போ யார் வேண்டுமானாலும் உள்ளே வந்துவிடுவார்களே என்றாள். உடனே இன்னொரு தாள் கேட்டாள். குடியாத்தம் ஐயா, உங்கள் அச்சகத்தில் வெட்டி மீந்த ஓரத் தாள்கள் எடைக்குக் கிடைக்குமா? ஏ4 கட்டு தீர்ந்துகொண்டிருக்கிறது.

குடியாத்தம் அச்சகம்

எடைக்கு வேண்டாம், பையோடு வாருங்கள். ஓட்டம் எந்தப் பக்கம் என்று கட்டின்மேல் அம்புக்குறி போட்டு வைக்கிறேன்.